சாம்பல்நிறக் கொசுவின் வயிற்றில்

1898 மார்ச் மாதம் கல்கத்தாவில் மூன்று சிட்டுக்குருவிகளைக் கொசுக்களுக்கு இரையாக்கினார் ரொனால்ட் ராஸ். முதல் குருவியின் ரத்தத்தில் பறவை மலேரியாவின் ஒட்டுண்ணி மலிந்து கிடந்தது. இரண்டாவதில் ஓரளவு இருந்தது. மூன்றாவதில் அறவே இல்லை. ஒவ்வொரு குருவியையும் கடித்த கொசுக்களில் பத்துப் பத்தாக எடுத்து, வயிற்றைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வயிற்றுச் சுவரில் கருநிறப் பொடி தாங்கி நின்ற சிறு உருண்டைகளை எண்ணினார். முதல் பத்துக் கொசுக்களில் 1009. இரண்டாவது பத்தில் 292. மூன்றாவது பத்தில் ஒன்றுகூட இல்லை.

உயிரியல் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான சோதனைகள் அபூர்வம். குருவியின் ரத்தத்தில் இருந்ததுதான் கொசுவின் வயிற்றில் வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஜூலைக்குள் ராஸ் மீதிப் பாதையையும் கண்டுவிட்டார். உருண்டைகள் முற்றி வெடிக்கின்றன. உள்ளிருந்து நூற்றுக்கணக்கான இழை வடிவக் கிருமிகள் வெளிவருகின்றன. அவை கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடைந்து, அடுத்த கடியின்போது புதிய உடலுக்குள் இறங்குகின்றன. நோயற்ற 28 சிட்டுக்குருவிகளில் 22 இப்படிக் கொசுக்கடியால் நோயுற்றன. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வேலை செய்த பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனை இன்று எஸ்.எஸ்.கே.எம். என்று அழைக்கப்படுகிறது. அதன் மதிலில் இருக்கும் ராஸ் நினைவு வாயிலை 1927இல் அவரே வந்து திறந்துவைத்தார்.

இந்தக் கதையைப் பாடநூல்கள் மனிதனின் பக்கம் நின்று சொல்கின்றன. கொசு அதில் நோயைச் சுமந்து வரும் வண்டியாக மட்டுமே வருகிறது. ஆனால் அந்த உருண்டைகள் வளர்ந்தது ஓர் உயிருள்ள விலங்கின் உடலில். அந்த விலங்குக்கும் குடல் உண்டு, ரத்தம் உண்டு, தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு. தனக்குள் புகுந்த அந்நியனைக் கொசு என்ன செய்தது? கல்கத்தாவில் ராஸ் கண்டவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான விடைகளே என்று நான் நினைக்கிறேன். அவற்றைப் படிக்கும் கருவிகள்தான் அன்று இல்லை.

கல்கத்தாவுக்கு வருவதற்கு முன் ராஸ் பட்ட பாட்டைப் பார்த்தால் இது விளங்கும். 1895 முதல் செகந்திராபாதில் அவர் மலேரியா நோயாளிகளின் மேல் கொசுக்களை விட்டுக் கடிக்கவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தவை இரண்டு வகைக் கொசுக்கள். ஒன்றைச் சாம்பல்நிறக் கொசு என்றார். இன்று அதன் பெயர் கியூலெக்ஸ். வரிகள் கொண்ட இன்னொன்று ஏடிஸ். இரண்டிலும் மனித மலேரியா வளரும் அடையாளமே தென்படவில்லை. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, புள்ளிச் சிறகு கொண்ட வேறொரு கொசுவில்தான் அவர் தேடிய உருண்டைகள் கிடைத்தன. அது அனோபிலிஸ். ஹுசைன் கான் என்ற நோயாளி, கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா வாங்கிக்கொண்டு அந்தச் சோதனைக்கு உடலைக் கொடுத்தார்.

அடுத்த சில வாரங்களிலேயே ராஸை ராஜபுதனத்துக்கு மாற்றினார்கள். கல்கத்தாவுக்கு அவர் வந்து சேர்ந்தது 1898 பிப்ரவரியில். நகரத்தில் பிளேக் பீதி. தடுப்பூசி என்ற பேச்சு பரவி, விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்குக்கூட மக்கள் அஞ்சினார்கள். மனித நோயாளிகள் கிடைக்காததால்தான் ராஸ் பறவைகளிடம் போனார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் பறவைகளையும் கொசுக்களையும் கவனித்துக்கொண்டார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாயும் துணை நின்றார். கல்கத்தாவில் எங்கும் நிறைந்திருந்த அதே சாம்பல்நிறக் கொசு, செகந்திராபாதில் அவரைக் கைவிட்ட அதே கியூலெக்ஸ், இங்கே பறவை மலேரியாவை அமோகமாக வளர்த்துக் கொடுத்தது.

ஒரே கொசு. மனித மலேரியாவை வளரவிடவில்லை, பறவை மலேரியாவை வளரவிட்டது. ஏன்?

இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். மனித மலேரியாவின் ஒட்டுண்ணிக்குக் கியூலெக்ஸின் குடல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். தேவையான ஏதோ ஒன்று அங்கே இல்லாமல், வளராமலேயே செரிமானமாகிப் போயிருக்கலாம். அல்லது கொசுவே அதைக் கண்டுபிடித்துக் கொன்றிருக்கலாம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மனித மலேரியாவில் கொடியதான பால்சிபாரம் ஒட்டுண்ணியைக் கியூலெக்ஸ் குவின்குஃபாசியாட்டஸ் கொசுவுக்கு ஊட்டினார்கள். கல்கத்தாவின் சாம்பல்நிறக் கொசு இந்த இனம்தான். குடலுக்குள் ஒட்டுண்ணி அடுத்த பருவத்துக்கு வளர்ந்தது, எண்ணிக்கை சற்றே குறைவு. குடல் சுவரையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. ஆனால் சுமார் 30 மணி நேரம் கழித்து, சுவரின் வெளிப்புறத்தில் பார்த்தபோது பெரும்பாலானவை சிதைந்து கிடந்தன. எட்டு நாள் கழித்து ஓர் உருண்டைகூட இல்லை. குடலைத் தாண்டிக் கொசுவின் ரத்தத்தைத் தொட்ட இடத்தில்தான் அவை மடிந்திருந்தன. கொசுவின் எதிர்ப்பாற்றலே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்றார்கள் அந்த ஆய்வாளர்கள்.

செகந்திராபாதில் ராஸ் தோல்வி என்று குறித்துக்கொண்ட ஒவ்வொரு வெற்று வயிறும், ஒரு கொசு தன் உடலைத் தற்காத்துக்கொண்டதன் தடயமாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

கொசுவின் உடலில் நம்முடையதைப் போல மூடிய ரத்தக்குழாய்கள் கிடையாது. உடலின் உட்குழியில் ரத்தம் தளும்பி நிற்கிறது. உறுப்புகள் அதற்குள் மூழ்கியிருக்கின்றன. குடலின் வெளிச்சுவர் இந்த ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், குடலைத் துளைத்து வரும் எந்தக் கிருமியும் நேராக இதில்தான் தலைநீட்ட வேண்டும். அந்த ரத்தத்தில் சில ஆயிரம் அணுக்கள் மிதக்கின்றன. நம்மிடம் இருப்பது போன்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள், அதாவது ஒவ்வொரு கிருமிக்கும் அளவெடுத்துச் செய்யப்படும் ஆன்டிபாடிகள், பூச்சிகளிடம் கிடையாது. அவற்றின் இடத்தில், கிருமிகளின் மேற்பரப்பில் பொதுவாகக் காணப்படும் சில அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் எப்போதும் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு புரதம் டெப்-1. 2004இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க அனோபிலிஸ் கொசுவில் இது ஒட்டுண்ணியின் மேல் ஒட்டிக்கொண்டு அதைச் சாகடிப்பதைக் காட்டினார்கள். டெப்-1 உற்பத்தியைத் தடுத்துவிட்டால் அதே கொசுவில் உருண்டைகள் பல மடங்கு பெருகின.

அடையாளம் கண்டபின் கொல்லும் வழிகள் பல. அவற்றில் ஒன்றை ராஸ் கண்ணால் பார்த்தார். அது என்னவென்று புரியாமல் குழம்பினார்.

கல்கத்தாவில் அவர் பிரித்த சில கொசுக்களில், வழக்கமான உருண்டைகளோடு கரிய நிறத்தில் தடித்த உருவங்களும் இருந்தன. அவற்றைக் கருப்பு வித்துகள் என்று குறித்தார். ஒட்டுண்ணியின் வாழ்வில் இது இன்னொரு பருவமோ, கொசு செத்தபின்னும் வெளியே தாக்குப்பிடிக்கும் கடினமான வடிவமோ என்றெல்லாம் யோசித்தார். ஒட்டுண்ணிக்கு உயிர் கொடுக்கும் பருவம் என்று அவர் ஐயப்பட்டது, பெரும்பாலும் ஒட்டுண்ணியின் பிணம். பின்வந்தவர்களில் சிலர் அவை வேறொரு நுண்ணுயிரியாக இருக்கலாம் என்றும் வாதிட்டார்கள். ஆனால் இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், கொசு அந்த உருண்டைகளின் மேல் மெலனின் பூசிக் கறுக்கடித்துவிட்டது என்பதே.

மெலனின் நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே வகைப் பொருள். பூச்சிகளின் ரத்தத்தில் அதை உண்டாக்கும் நொதி செயலற்ற நிலையில் காத்திருக்கிறது. காயம் பட்டாலோ, அந்நியப் பொருள் நுழைந்தாலோ, ஒன்றை ஒன்று தட்டி எழுப்பும் புரதங்களின் சங்கிலி ஒன்று அந்த நொதியை விழிக்கச் செய்கிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப்போகிறதே, அங்கே வேலை செய்யும் நொதிக்கும் இதற்கும் வேதியியலில் நெருங்கிய உறவு. பூச்சியின் உடலில் இந்தக் கறுப்புப் படலம் கிருமியைச் சுற்றி இறுகி அதைப் பட்டினி போடுகிறது; படலம் உருவாகும்போது பிறக்கும் வேதிப்பொருள்கள் நச்சாகவும் செயல்படுகின்றன. அந்த நச்சு கொசுவையும் சுடும். ஆகவே சங்கிலியை அணைத்துவைக்கத் தனிப் புரதங்களும் உண்டு. எதிரியைக் கொல்லும் ஆயுதம் தன்னையும் கொல்லாமல் பார்த்துக்கொள்வது, எதிர்ப்பாற்றல் உள்ள எந்த உடலுக்கும் தீராத தலைவலி.

ராஸ் கல்கத்தாவில் இருந்த காலத்தில் இப்படி ஓர் எண்ணம் உலகில் இல்லாமல் இல்லை. 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி, அதைச் சூழ அணுக்கள் திரண்டு வந்ததைப் பார்த்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் டாப்னியா என்னும் நீர்ப்பூச்சியின் அணுக்கள் பூஞ்சை வித்துகளை விழுங்குவதையும் விவரித்தார். அணுக்கள் வழி நடக்கும் எதிர்ப்பாற்றல் பற்றிய அறிவியல் முதுகெலும்பில்லா விலங்குகளில்தான் பிறந்தது. ஆனால் மெச்னிகோவின் உலகமும் ராஸின் உலகமும் சந்திக்கவில்லை. ஒன்று உயிரியல், மற்றொன்று காலனி மருத்துவம். மருத்துவத்துக்கு வேண்டியது நோய் பரவும் வழி. கொசுவுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இந்தப் பிரிவினால் பல பத்தாண்டுகள் வீணாயின என்பதே என் வருத்தம்.

மெலனின் பூச்சு கொசுவின் பரம்பரையில் வரும் ஆற்றல் என்பதை 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆப்பிரிக்க அனோபிலிஸ் கொசுக்களைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கி, குரங்கு மலேரியாவின் ஒட்டுண்ணியைத் தவறாமல் கறுக்கடித்துக் கொல்லும் ஒரு வம்சத்தை உருவாக்கினார்கள். அந்தக் கொசுக்கள் வேறு பல ஒட்டுண்ணிகளையும் கறுக்கடித்தன. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்தே எடுத்த பால்சிபாரம் ஒட்டுண்ணிகள் சில அதில் தப்பிவிட்டன. அதே கண்டத்தில், அதே கொசுவோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை அவை.

தப்புவதற்கு ஒட்டுண்ணி வைத்திருக்கும் தந்திரங்களில் ஒன்று 2013இல் வெளிப்பட்டது. பால்சிபாரத்தின் மேற்பரப்பில் பி.எஃப்.எஸ்.-47 என்றொரு புரதம் இருக்கிறது. அதை அணிந்துகொண்டு வரும் ஒட்டுண்ணியைக் கொசுவின் காவல் ஏற்பாடு கண்டுகொள்வதில்லை. அந்தப் புரதத்தை நீக்கிவிட்டால் டெப்-1 பாய்ந்துவந்து ஒட்டிக்கொள்கிறது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு: ஒவ்வொரு நிலப்பகுதியிலும் அந்தப் புரதம் சற்றே வேறு வடிவில் இருக்கிறது, அங்கே பறக்கும் அனோபிலிஸ் இனத்துக்குப் பொருத்தமான வடிவில். மனிதர்களோடு கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்த மலேரியா, போன இடத்தின் கொசுவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே போயிருக்கிறது. மனித உடலைப் பற்றிய ஆய்வு எதிலும் இந்த வரலாறு தென்பட்டிருக்காது.

மலேரியாவை விட்டு யானைக்கால் நோய்க்கு வந்தாலும் கல்கத்தாவை விட முடியாது. 1872இல் டிமோதி லூயிஸ் இந்த நகரத்தில்தான் மனித ரத்தத்தில் அந்த நோயைத் தரும் நூல்புழுவின் குஞ்சுகள் நீந்துவதைக் கண்டார். அவை கொசுவின் உடலில் வளர்கின்றன என்பதை ஐந்தாண்டு கழித்துச் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். பின்னாளில் ராஸை மலேரியாவின் பக்கம் திருப்பியவரும் அவரே. நூல்புழு மலேரியாக் கிருமியோடு ஒப்பிட்டால் ராட்சதம். ஒரு ரத்த அணு அதை விழுங்கவே முடியாது. அதற்கும் மெலனின்தான் மருந்து. செப்டிக் டேங்க் நீரில் பெருகும் ஆர்மிஜெரிஸ் சபால்பேட்டஸ் என்ற பெரிய கொசு புரூஜியா மலாயி என்ற நூல்புழுவை ஓரிரு நாளில் கறுப்பு உறைக்குள் அடைத்துக் கொன்றுவிடும். ஆனால் அதற்கு மிக நெருங்கிய உறவான புரூஜியா பகாங்கியை ஒன்றும் செய்யாது. அந்தப் புழு அதே கொசுவுக்குள் சுகமாக வளர்ந்து முடிக்கும். ஆயுதம் இருந்தால் மட்டும் போதாது, யார் மேல் எடுப்பது என்று தெரிய வேண்டும்.

அனோபிலிஸ் சிலவற்றுக்கு இன்னும் நேரடியான வழி ஒன்று இருக்கிறது. அவற்றின் தொண்டையில் கூரிய பற்கள் வரிசையாக நிற்கின்றன. ரத்தத்தோடு உள்ளே வரும் நூல்புழுக் குஞ்சுகளில் பல அங்கேயே கிழிபட்டுச் சாகின்றன.

வைரஸை எதிர்கொள்ளும் முறை முற்றிலும் வேறு. இந்தியாவில் வைரஸைப் பிரித்தெடுத்து உறுதி செய்த முதல் பெரிய டெங்கு அலை வீசியது 1963-64இல், கல்கத்தாவில். அதைச் சுமந்த ஏடிஸ் கொசுவின் செல்களுக்குள் டெங்கு வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது, இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. கொசுவின் டைசர்-2 என்ற நொதி அதைக் கண்டதும் 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மற்ற வைரஸ் இழைகளையும் கொசுவின் செல் தேடித் தேடி அழிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வைரஸ் முழுதாக ஒழிவதில்லை. கொசுவைச் சாகவிடாத அளவுக்கு அடங்கியும், அடுத்த மனிதருக்குப் போதுமான அளவுக்குப் பெருகியும், கொசுவின் வாழ்நாள் முழுக்க உடனிருக்கிறது.

வங்காளத்தைக் கொன்று குவித்த இன்னொரு நோய் காலா அசார். கல்கத்தாவின் டம்டம்மில் காய்ச்சல் கண்ட ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் கண்ட உருவங்களும், மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் கண்டவையும் 1903இல் வெளியாயின. இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ராஸ். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அதைச் சோதனைக் குழாயில் வளர்த்து, அது வாலுள்ள இன்னொரு வடிவத்துக்கு மாறுவதைக் காட்டினார். ஏதோ ஒரு பூச்சிக்குள் அது அந்த வடிவத்தில் வாழ வேண்டும் என்று பலர் ஊகித்தார்கள். 1924இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவரும் நோயாளிகளைக் கடித்த மணல் ஈயின் குடலில் அந்த வாலுள்ள வடிவத்தைக் கண்டார்கள்.

அத்துடன் புதிர் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஈயின் கடியால் மனிதருக்கு நோய் வருகிறது என்று நிரூபிக்க இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. ஆய்வகத்தில் ஈக்களைக் கடிக்க விட்டால் நோய் தொற்றவே இல்லை. உலர்திராட்சை கொடுத்து ஈக்களைப் பேணியபோதுதான் ஒட்டுண்ணி குடலின் முன்பகுதி வரை பெருகி அடைத்துக்கொண்டது. இந்த உத்தியைக் கொண்டு 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் தன்னார்வலர்களுக்கு ஈக்கடி மூலம் நோயைத் தொற்றவைத்துக் காட்டினார்கள்.

அந்த 18 ஆண்டுத் தாமதம் ஈயின் வயிற்றில் நடப்பதைப் பொறுத்தது. ரத்தம் குடித்ததும் ஈயின் குடலில் ஒரு சவ்வு உருவாகி ரத்தத்தைப் பொதிந்துகொள்கிறது. செரிமான நொதிகள் உள்ளே பாய்கின்றன. செரித்ததும் மிச்சமெல்லாம் வெளியேறிவிடும். ஒட்டுண்ணி நொதிகளைத் தாங்க வேண்டும், சவ்வைக் கரைத்து வெளிவர வேண்டும், மிச்சத்தோடு சேர்ந்து வெளியே போய்விடாமல் குடல் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொள்ள உதவுவது அதன் மேலுறையில் இருக்கும் ஒரு சர்க்கரை மூலக்கூறு. எல்லாம் முடிந்தபின் அது சுரக்கும் கூழ் ஈயின் தொண்டைப் பாதையை அடைக்கிறது. அடைப்பு வந்த ஈ ஒரே மூச்சில் ரத்தம் குடிக்க முடியாமல் திரும்பத் திரும்பக் குத்துகிறது. குத்தும் ஒவ்வொரு தடவையும் கூழோடு ஒட்டுண்ணியும் தோலுக்குள் போகிறது. நோயாளி என்ற சொல் இங்கே ஈக்கும் பொருந்தும்.

ஆன்டிபாடி இல்லாத உயிருக்கு நினைவும் இல்லை என்றுதான் நீண்ட நாள் நம்பப்பட்டது. 2010இல் கரோலினா பாரியாஸ்-மூரியின் குழுவினர் அதை அசைத்தார்கள். ஒருமுறை மலேரியா ஒட்டுண்ணியைச் சந்தித்த அனோபிலிஸ், இரண்டாம் முறை அதே ஒட்டுண்ணி வரும்போது முன்னைவிட வலுவாக எதிர்க்கிறது. முதல் தடவை ஒட்டுண்ணி குடலைத் துளைத்தபோது குடலில் வாழும் பாக்டீரியாக்கள் குடல் செல்களை நெருங்கித் தொட்டன. அந்தத் தொடுகையே ரத்த அணுக்களைத் தட்டி எழுப்பி, தயார் நிலையில் வைத்துவிட்டது. பாக்டீரியாக்களை மருந்தால் அழித்துவிட்டால் இந்த நினைவும் உண்டாவதில்லை. குடலில் குடியிருப்பவர்களையும் சேர்த்துத்தான் ஒரு கொசுவின் எதிர்ப்பாற்றலைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எல்லாக் கொசுக்களும் ஏன் மலேரியாவை வென்றுவிடவில்லை? எதிர்ப்பாற்றலுக்கு விலை உண்டு. அதில் செலவிடும் புரதம் முட்டைக்குப் போக வேண்டியது. மலேரியா மலிந்த ஊர்களில்கூட ஒட்டுண்ணி சுமக்கும் கொசுக்கள் சிறு பங்குதான். பெரும்பாலான கொசுக்கள் தம் வாழ்நாளில் அதைச் சந்திப்பதே இல்லை. வராத எதிரிக்காக முட்டைகளைக் குறைத்துக்கொள்ளும் கொசுவைவிட, அதைப் பொருட்படுத்தாமல் நிறைய முட்டையிடும் கொசுவின் வம்சமே பெருகும். ஒட்டுண்ணிக்கும் அவசரம் உண்டு. கொசுவுக்குள் அது முற்றுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல், பல நேரம் இரண்டு வாரம் வரை ஆகிறது. அதற்குள் கொசு இறந்துவிட்டால் எல்லாம் வீண். எனவே கொசுவை மிகவும் துன்புறுத்தும் ஒட்டுண்ணிக்கும் எதிர்காலம் இல்லை.

இந்தப் பேரத்தில் மூன்றாவது ஆளை நுழைத்துப் பார்ப்பதுதான் இன்றைய முயற்சி. 1924இல் அமெரிக்காவில் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் கியூலெக்ஸ் கொசுவின் முட்டைப்பைக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். வோல்பாகியா என்று பெயர் பெற்ற அது தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. நம் ஊர் கியூலெக்ஸிடமும் இது உண்டு. ஏடிஸ் ஈஜிப்டியிடம் இயல்பில் இல்லை. ஆய்வகத்தில் புகுத்திவிட்டால் டெங்கு வைரஸ் அதற்குள் பெருகுவது குறைகிறது. புதுச்சேரியில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வோல்பாகியா கொண்ட ஏடிஸ் முட்டைகளைப் பெற்று, உள்ளூர் ஆண் கொசுக்களோடு பல தலைமுறை கலந்து, நம் வெயிலுக்கும் சூழலுக்கும் ஏற்ற இரண்டு வம்சங்களை உருவாக்கி 2022இல் அறிவித்தது. இதில் பார்க்க வேண்டியவை இன்னும் பல: கடும் கோடையில் பாக்டீரியா முட்டைகளில் நிலைக்குமா, டெங்குவின் நான்கு வகைகளையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்துமா, சில ஆண்டுகளில் வைரஸ் தன்னைத் திருத்திக்கொண்டு திரும்புமா. இந்தக் கொசுக்களை வெளியே விட்டு, பல பருவங்கள் தொடர்ந்து பிடித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, எண்ணித்தான் இவற்றுக்கு விடை காண முடியும்.